ஓர் ஆசிரியர்க்கு எத்தனை மழலையர்?

மொழிப்போர் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம்மவர் நெஞ்சம் 1938ஆம் ஆண்டுக்கும் 1965ஆம் ஆண்டுக்கும் விரைந்தோடும். ஓடட்டும், அவ் ஈகியரை மறப்பவன் தமிழனல்லன். ஆயினும் அப் போர்கள் தெருவிலும் மன்றிலும் நடந்தவை. பகை எதிரே நின்றது. அதன் பெயரும் தெரிந்தது. எதிர்த்து நிற்கவும் முடிந்தது. இன்று தமிழ் நாள்தோறும் ஓரடி பின்வாங்கிக்கொண்டிருக்கும் களமோ வேறு. அது மூன்று அகவைப் பிள்ளை கால்மடக்கி அமர்ந்திருக்கும் ஒரு கோரைப்பாய். அங்கே கொடியும் இல்லை, முழக்கமும் இல்லை. அப் பாயின்மேல் எத்தனை பிள்ளைகள் அமர்ந்திருக்கின்றனர், அவர்களோடு வாய்திறந்து பேச அங்கே யார் இருக்கின்றார் என்னும் இரண்டு கேள்விகளில் அடுத்த தலைமுறையின் தமிழ் அடங்கிக் கிடக்கின்றது.

எண்ணிக்கை பற்றிய செய்தியைக் கணக்காசிரியர் எழுதட்டும், தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். மூன்று முதல் ஆறு அகவைக்குள் பிள்ளை கற்பது எழுத்தன்று, பேச்சு. பேச்சைச் சுவரில் ஒட்டிய படமும் வண்ணப் பொத்தகமும் கற்பிக்க மாட்டா. கேட்டதற்கு மறுமொழி சொல்லும் ஒரு மாந்த வாய்தான் அதனைக் கற்பிக்கும். அவ் வாய் ஒன்றுக்கு எத்தனை காதுகள் என்பது மொழிக் கணக்கேயன்றி வேறென்ன?

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். பள்ளிக்கு முந்திய பள்ளியைக் கடலுக்கு அப்பாலுள்ள ஈழத் தமிழர் ‘முன்பள்ளி’ என்று வழங்குகின்றனர். செருமானியராகிய பிரோபல் 1840இல் தம் தாய்மொழியிலேயே ‘குழந்தைத் தோட்டம்’ எனப் பொருள்பட அதற்குப் பெயரிட்டார். அப் பெயரை ஆங்கிலவர் அப்படியே எடுத்துக்கொண்டனர். நாமோ அதன் முதலெழுத்துகளைமட்டும் பிடித்துக்கொண்டு ‘எல்.கே.சி.’, ‘யு.கே.சி.’ என்று தொங்கிக்கொண்டிருக்கின்றோம். நடுவணரசு 1975ஆம் ஆண்டு அக்தோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் ‘அங்கன்வாடி’ என்னும் வடவர் பெயரைச் சுமந்து வந்தது. நம் கரையில் வாடி என்றால் மீன்வாடி, கருவாட்டுவாடி. “வாடிக்குப் போய்வருகிறேன்” என்று தாய் சொன்னால் கருவாடு உலர்த்தப் போகின்றாள் என்பது பிள்ளைக்குத் தெரியும். தன்னையும் ஒரு வாடிக்கு அனுப்புகின்றார்களே, அங்கே எதை உலர்த்துவார்களோ என்று அஃது அஞ்சாதா? பெயர் நிற்க. இவ் ஆசிரியவுரையில் நாம் முன்பள்ளி என்றே எழுதுவோம்.

இனி நாடுகளின் கணக்கைப் பார்ப்போம். பின்லாந்தில், முழுநாள் முன்பள்ளியில் மூன்று அகவை நிரம்பிய பிள்ளைகள் எழுவர்க்குப் பணியாளர் ஒருவர் என்பது நெறி. 2016இல் அதனை எண்மர்க்கு ஒருவர் எனத் தளர்த்தினர். 2020இல் மீண்டும் எழுவர்க்கே கொண்டுவந்தனர். ஒரேயொரு பிள்ளையைக் கூட்டியதை நான்காண்டில் திருத்திக்கொண்ட நாடு அது. நார்வே 2018இல் அறுவர்க்கு ஒரு பணியாளர் எனச் சட்டம் செய்தது. இங்கிலாந்தில் மூன்று, நான்கு அகவைப் பிள்ளைகளுக்கு எண்மர்க்கு ஒருவர். பட்டம் பெற்ற ஆசிரியர் உடனிருந்து நடத்தினால் பதின்மூவர் வரை செல்லலாம். நியூசிலாந்தில் ஏறத்தாழப் பதின்மர்க்கு ஒருவர். சிங்கப்பூரில் ஐந்து அகவையர் வகுப்பில் இருபதின்மர்க்கும், ஆறு அகவையர் வகுப்பில் இருபத்தைவர்க்கும் ஓர் ஆசிரியர். அச் சிங்கப்பூரில் 2014 முதல் அரசே நடத்திவரும் முன்பள்ளிகளில் தமிழும் ஒரு தாய்மொழிப் பாடம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்க. தமிழர் சிறுபான்மையராய் வாழும் நாட்டில் தமிழுக்குள்ள இருக்கை அது.

இப் பட்டியலை மேடையில் படித்துவிட்டு, பார்த்தீர்களா நம் இழிநிலையை என்று முழங்கிக் கைதட்டு வாங்குவது எளிது. அவ்வாறு செய்தல் ஆய்வாகாது. சப்பானைப் பாருங்கள். அங்கே குழந்தைக் காப்பகங்களில் நான்கு, ஐந்து அகவைப் பிள்ளைகள் முப்பதின்மர்க்கு ஒருவர் என்னும் நெறி 1948 முதல் எழுபத்தாறு ஆண்டுகள் நின்றது. 2024இல்தான் அது இருபத்தைவர்க்கு ஒருவராயிற்று. மூன்று அகவையர்க்கு இருந்த இருபது பதினைந்தாயிற்று. பிரான்சு நாட்டில் 2019 முதல் மூன்று அகவையிலேயே கல்வி கட்டாயம். ஆயினும் ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகளுக்கு மேல் அமர்ந்திருப்பது அங்கே இயல்பான காட்சி. சப்பானும் பிரான்சும் கல்வியில் தாழ்ந்த நாடுகள் என்று எவனும் சொல்லான். எனவே எண் ஒன்றை மட்டும் வைத்து ஏற்றமும் இழிவும் பேசலாகாது.

எண்ணுக்குப் பின்னால் இரண்டு வினாக்கள் உள. எண்ணப்படுகின்றவர் யார்? எண்ணப்பட்டவர் அவ் வேளையில் என்ன செய்துகொண்டிருக்கின்றார்? நார்வேயின் அறுவர்க்கு ஒருவர் என்பது எல்லாப் பணியாளரையும் சேர்த்த கணக்கு. ஆசிரியப் பயிற்சி பெற்றவரைமட்டும் எண்ணினால் பதினால்வர்க்கு ஒருவர் என்பதே அந்நாட்டு நெறி. இங்கிலாந்தின் எட்டும் பதின்மூன்றும் இவ் வேறுபாட்டையே காட்டுகின்றன. சப்பானின் முப்பதில் வேறொரு செய்தி உள்ளது. அம் முப்பது பிள்ளைகளோடு இருப்பவர்க்குப் பிள்ளைகளோடு இருப்பதே வேலை. அவர் பேசுவதும் சப்பானியமே. பிள்ளை வீட்டில் கேட்ட மொழியும் பாயில் கேட்கும் மொழியும் ஒன்று. அதனாலேயே அவ் எண் பெரிதாயிருந்தும் அம் மொழி சிதையவில்லை.

இவ் இரு வினாக்களையும் கையிலேந்தி நம் நாட்டுக்கு வருவோம். ஆறு அகவை நிரம்பிய பிள்ளைக்கு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அரண் செய்கின்றது. தொடக்கப்பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், அதற்குமேல் தொண்ணூறு வரை மூவர் என்று அது வரையறுத்துள்ளது. மூன்று அகவைப் பிள்ளையைப் பற்றி அச் சட்டத்தின் 11ஆம் பிரிவு பேசுகின்றது. முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்று சொல்லி ஒதுங்கிவிடுகின்றது. 2002இல் திருத்தப்பட்ட அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவோ அரசு ‘முயலும்’ என்கின்றது. ‘செய்க’ என்பதற்கும் ‘செய்யலாம்’ என்பதற்கும் உள்ள தொலைவை இலக்கணம் கற்றார்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. 2013இல் நடுவணரசு வெளியிட்ட முன்பருவக் கல்விக் கொள்கை மூன்று முதல் ஆறு அகவையர் இருபதின்மர்க்கு ஒருவர், மூன்றுக்குக் கீழ்ப்பட்டோர் பதின்மர்க்கு ஒருவர் என்று எழுதியது. 2017இல் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கென வகுத்த நெறிமுறையில் இருபது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பேணுநரும் வேண்டும் என்றனர். தனியார்க்கு எழுதிய இந் நெறியைத் தில்லி தன் வீட்டில் கடைப்பிடிக்கின்றதா?

சிற்றூர்ப்புறத்தில் நானூறு முதல் எண்ணூறு பேர் வாழும் பகுதிக்கு ஓர் அங்கன்வாடி என்பது திட்டத்தின் அளவுகோல். எண்ணூறு பேர் வாழும் ஒரு குப்பத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிரவர்க்கு ஆண்டுதோறும் பதின்மூன்று பதினான்கு பிறப்பு என்னும் நம் மாநிலக் கணக்குப்படி அங்கே ஆண்டுக்குப் பதினொரு பிள்ளைகள் பிறப்பர். மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்டோர் முப்பத்து மூவர். மூன்றுக்குக் கீழ்ப்பட்டோரும் முப்பத்து மூவர். சூலுற்றோரும் பாலூட்டுவோருமாய்ப் பத்துப் பதினைந்து தாய்மார். இத்தனை பேர்க்கும் பணியாளர் ஒருவர், உதவியாளர் ஒருவர். பாயில் அமர்ந்த முப்பத்து மூவரைமட்டும் வைத்து வகுத்தாலும் தில்லி எழுதிய இருபது தாண்டிப் போகின்றது. அவருள் சிலர் தனியார் பள்ளிக்குப் போய்விடுவதால் எண் குறைந்து, தாளிலே கணக்கு நேராகிவிடுகின்றது. பிள்ளைகள் ஓடிப்போனதால் சரியான கணக்கு அது.

அவ் ஒருவர் என்ன செய்துகொண்டிருக்கின்றார் என்பதைப் பாருங்கள். திட்டம் அவர்மேல் ஏற்றிய பணிகள் ஆறு: துணையுணவு, முன்பருவக் கல்வி, ஊட்டமும் நலமும் பற்றித் தாய்மார்க்கு அறிவுரை, தடுப்பூசி, உடல்நல ஆய்வு, மருத்துவமனைக்கு விடுத்தல். ஆறில் ஒன்றுதான் கல்வி. பிள்ளைகளை எடைபார்க்க வேண்டும். உயரம் அளக்க வேண்டும். ஊட்டமாவை வீடுதோறும் கணக்கிட்டு வழங்க வேண்டும். சூலுற்ற தாயின் வீட்டுக்குச் செல்ல வேண்டும். 2021 முதல் இவை அனைத்தையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றவும் வேண்டும். அச் செயலிக்கும் ‘போசன்’ என்று தொடங்கும் ஒரு பெயர். தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலும் பல ஊர்களில் அவர் தலையிலேயே விழுகின்றது. உதவியாளரோ அடுப்படியை விட்டு நகர முடியாது. 1982 சூலையில் எம்.ஞி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கி, சிற்றூர்ப்புறத்து மழலையர்க்கும் சுடுசோறு கிடைக்கச் செய்தது அரிய செயல். அதனை நாம் குறைத்துப் பேசோம். சோறு வேகும் அடுப்பின் அருகே சொல்லும் வேக வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். இன்றோ அடுப்பில் ஒருவர், ஏட்டில் ஒருவர். பாயில் எவரும் இலர். வகுத்தற்குரிய ஆசிரியரின் எண்ணே சுழியம் என்றால் வீதம் என்ன வரும் என்பதைக் கணக்காசிரியரைக் கேட்டுக்கொள்க.

நம் முகவைக் கரையில் இதன் விளைவு ஏனைய இடங்களினும் கடுமையானது. பாம்பனிலும் மண்டபத்திலும் விடியுமுன் வல்லமேறி மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குக் கடற்பாசி எடுக்கச் செல்லும் தாய்மார் உள்ளனர். மீன் ஏலத்துக்கும் கருவாட்டு வாடிக்கும் முதற்கோழி கூவுமுன் எழுந்து ஓடுவோர் உள்ளனர். உள்நாட்டில் பனங்காட்டுக்கும் கரிமூட்டத்துக்கும் உப்பளத்துக்கும் குடும்பத்தோடு பெயர்வோர் உள்ளனர். தந்தை கடலில், தாய் கரையில், பாட்டி இருந்தால் பிள்ளைக்குப் பேச்சு உண்டு, இல்லையேல் தெருவும் நாயும் துணை. நகரத்துப் பிள்ளைக்கு முன்பள்ளி வீட்டுக்கு ஒரு துணை. நம் கரைப் பிள்ளைக்கோ பகற்பொழுதில் அதுவே வீடு. இம் மாவட்டத்தைத் தில்லி 2018இல் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்னும் பட்டியலில் சேர்த்தது. விழைவது நாம், எழுதுவது அவர்கள்.

அப் பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்? வாடைக்கும் கொண்டலுக்கும் சோழகத்துக்கும் கச்சானுக்கும் வேறுபாடு தெரிந்த வீட்டிலிருந்து வருகின்றது அது. சூடை எது, நகரை எது, வாளை எது என்று காட்டிச் சொல்லும். பட்டினத்துப் புலவர்க்கே தெரியாத சொற்கள் அதன் மடியில் உள்ளன. “அப்பா நேற்று என்ன மீன் கொண்டுவந்தார்? வலை எங்கே கிழிந்தது? யார் தைத்தார்?” என்று ஒருவர் எதிரே அமர்ந்து கேட்டால், மூன்றாம் அகவையில் ஒற்றைச் சொல்லாய் வரும் விடை ஐந்தாம் அகவையில் கதையாய் விரியும். எழுவாயும் பயனிலையும் வேற்றுமையுருபும் அங்கேதான் பிள்ளையின் நாவில் படிகின்றன. நாம் ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது அதற்குப் பெயரிடுதல் மட்டுமே.

முப்பது பிள்ளைகளின் நடுவே நிற்கும் ஒருவர் இவ்வாறு கேட்க முடியுமா? நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அவர் வேறெதுவும் செய்யாது பேசுகின்றார் என்றே கொள்வோம். நூற்றிருபது நிமிடத்தை முப்பதால் வகுத்தால் பிள்ளைக்கு நான்கு நிமிடம். பதின்மராயின் பன்னிரண்டு நிமிடம். பின்லாந்தின் எழுவராயின் பதினேழு நிமிடம். நான்கு நிமிடத்தில் கேள்வி இராது. ஏவல் மட்டுமே இருக்கும். உட்கார், பேசாதே, கைகட்டு, வரிசையில் வா. கூட்டம் பெருகப் பெருக ஆசிரியர் வாயில் வினைமுற்றுகள் ஏவலாகிச் சுருங்குகின்றன. பிள்ளை நாளெல்லாம் தமிழைக் கேட்கின்றது, ஆனால் அதட்டலாகக் கேட்கின்றது. பின்னர்த் தமிழ் என்றால் அதட்டும் மொழி என்றும், இன்சொல்லுக்கு வேறொரு மொழி உண்டு என்றும் அது கருதினால் பிழை யாருடையது?

இங்கே ஒரு தடை எழும். திண்ணைப் பள்ளியில் ஓர் ஆசிரியர்தாமே இருந்தார், அவர் ஊர்ப்பிள்ளைகள் அனைவர்க்கும் கற்பிக்கவில்லையா என்பர். கற்பித்தார், சட்டாம்பிள்ளையின் துணையோடு கற்பித்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மணலில் விரல்பிடித்து எழுத்துக் காட்டும். அம் முறையைச் சென்னையில் கண்ட ஆண்டுரு பெல் என்னும் வெள்ளையர், 1789 முதல் தாம் பொறுப்பேற்றிருந்த எழும்பூர்ப் பிள்ளைகள் விடுதியில் அதனைக் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. தமிழன் உலகுக்குத் தந்த கல்விமுறை என்று நாம் பெருமை கொள்ளலாம், கொள்க. ஆனால் அப் பெருமையைக் கொண்டு இன்றைய பற்றாக்குறைக்குப் போர்வை போர்த்தலாகாது. சட்டாம்பிள்ளை முறை எழுத்துக்கும் எண்சுவடிக்கும் பொருந்தும். ஐந்து அகவை கடந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வல்ல பிள்ளைக்குப் பொருந்தும். மூன்று அகவைப் பிள்ளைக்கு ஐந்து அகவைப் பிள்ளை சட்டாம்பிள்ளையாக முடியாது. அக் காலத்தில் மூன்று அகவைப் பிள்ளை திண்ணையில் இல்லை, பாட்டியின் மடியில் இருந்தது. ஒருவர்க்கு ஒருவர் என்பதே அப் பள்ளியின் வீதம்.

பிள்ளைகளின் எண்ணைக் குறைப்பதால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதை அமெரிக்காவின் தென்னசி மாநிலம் 1985 முதல் நான்காண்டு பெரிய அளவில் ஆய்ந்தது. முன்பருவ வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை, பதின்மூன்று முதல் பதினேழு பிள்ளைகள் அமர்ந்த வகுப்பையும், இருபதுக்கு மேற்பட்டோர் அமர்ந்த வகுப்பையும் ஒப்பிட்டனர். சிறிய வகுப்புப் பிள்ளைகள் படிப்பிலும் கணக்கிலும் முந்தினர். மூன்றாவதாக, பெரிய வகுப்பிலேயே ஆசிரியர்க்கு ஓர் உதவியாளரைச் சேர்த்தும் பார்த்தனர். அதனால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை. அடுப்படி உதவியாளரையும் கணக்கில் சேர்த்து, எங்கள் நடுவத்தில் இருவர் உள்ளனர் என்று சொல்லும் அலுவலர்கள் இதனை இருமுறை படிப்பார்களாக.

அமெரிக்கா வரை போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்து, அதன் முடிவு 2021இல் வெளிவந்தது. கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர் அதனை நடத்தினர். குலுக்கல் முறையில் தேர்ந்த நடுவங்களுக்கு, முன்பருவக் கல்விக்கென்றே அரைநாட் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தனர். வேறெதையும் மாற்றவில்லை, கட்டடம் புதுக்கவில்லை, கணினி வாங்கவில்லை. பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இருமடங்காயிற்று. பதினெட்டுத் திங்கள் கழித்துப் பார்த்தபோது, அந் நடுவங்களிலேயே தொடர்ந்து இருந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னே நின்றனர். அவ் இரண்டனுள்ளும் மொழியில் கண்ட முன்னேற்றமே பெரிது. பழைய பணியாளர்க்கு ஊட்டப் பணிக்கு நேரம் கிடைத்தது. வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் கடும் ஊட்டக்குறைவுற்ற பிள்ளைகளும் குறைந்தனர். ஒருவரைச் சேர்த்ததில் பாயும் நிறைந்தது, வயிறும் நிறைந்தது. இதற்கான செலவைவிட இதனால் வரும் பயன் மிகுதி என்றும் ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். நார்வேக்கு எண்ணெய் வளம் உண்டு, நமக்கு ஏது என்று கைவிரிப்போர்க்கு இதைவிட நேரான விடை வேண்டுமா? நாம் நார்வேயின் ஆறைக் கேட்கவில்லை. அரைநாள் ஆசிரியர் ஒருவரைக் கேட்கின்றோம்.

இம் முடிவு கையில் இருக்கத் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? 2019 சனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. தனியார் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளை மீட்கும் நோக்கம் நல்லதே. அதற்கு ‘எல்.கே.சி.’, ‘யு.கே.சி.’ என்று தனியார் வைத்த பெயரையே அரசும் சூட்டிக்கொண்டது. பகைவனின் சட்டையை மாட்டிக்கொண்டு பகைவனை வெல்லப் புறப்பட்டது. ஆசிரியராகத் தொடக்கப்பள்ளிகளில் மிகுந்திருந்த இடைநிலை ஆசிரியரை அனுப்பினர். மழலையர் கல்விக்கென்று பயிலாத அவர்கள் மனமின்றிச் சென்றனர், வழக்கும் தொடுத்தனர். 2022இல் அவ் வகுப்புகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் தொடரும் என்று மறு அறிவிப்பு வந்தது. தொடர்வதற்காகத் திங்களுக்கு 5,000 உருபா மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியரை அமர்த்த ஆணையிட்டனர். ஒரு நாளைக்கு நூற்றெழுபது உருபாவுக்கும் குறைவு. நம் கரையில் மீன்கூடை சுமப்பவரும் அக் கூலிக்கு வாரார். 54,000க்கு மேற்பட்ட நடுவங்கள் உள்ள மாநிலத்தில் இத் தனி ஆசிரியர் ஏற்பாடு 2,381 இடங்களோடு நின்றது. மற்றொரு புறம், 2025 ஏப்பிரலில் அரசு நிரப்ப ஆணையிட்ட அங்கன்வாடிப் பணியிடங்கள் மட்டும் 7,783. அவற்றுள் 3,886 முதன்மைப் பணியாளர் இடங்கள். அவ் இடங்கள் வெறுமையாய்க் கிடந்த காலமெல்லாம் அந் நடுவங்களின் வீதம் என்னவாக இருந்தது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. பக்கத்து ஊர்ப் பணியாளரே அங்கும் பொறுப்பு என்று எழுதிவிட்டால் தாளில் எல்லாம் நிறைந்துவிடும்.

இவ் வெறுமையில்தான் ஆங்கில மழலையர் பள்ளி வளர்கின்றது. தாய் மொழிப்பற்று இல்லாதவள் என்று நம் பேச்சாளர் சிலர் மேடையில் ஏசுகின்றனர். கேட்கவே கூச்சமாக உள்ளது. அவள் அங்கன்வாடியின் வாயிலில் நின்று பார்க்கின்றாள். பிள்ளைகள் சும்மா அமர்ந்திருக்கின்றனர். பணியாளர் கைப்பேசியில் எதையோ ஏற்றிக்கொண்டிருக்கின்றார். அடுத்த தெருவில் வண்ணம் பூசிய சுவருக்குள் எவரோ பிள்ளைகளோடு பாடிக்கொண்டிருக்கின்றார். அப் பாட்டு ஆங்கிலம், விளையாத ஆப்பிளைப் பற்றியது, பொருள் தெரியாதது. ஆயினும் பிள்ளையோடு ஒருவர் பேசுகின்றார். அவள் கடன்வாங்கியேனும் அங்கே சேர்க்கின்றாள். அவள் வாங்கியது ஆங்கிலத்தையன்று. தன் பிள்ளையை நோக்கித் திரும்பிய ஒரு முகத்தை. அம் முகத்தைத் தமிழில் நாம் தந்திருந்தால் அவளுக்கு அக் கடன் ஏன்?

நம் இயக்கத்தாரும் இதில் தப்ப முடியாது. 1999இல் தமிழறிஞர் நூற்றுவர்க்கு மேற்பட்டோர் உண்ணாநோன்பிருந்ததன் பயனாய், ஐந்தாம் வகுப்புவரை தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என்று அரசு ஆணையிட்டது. 2000இல் சென்னை உயர்முறைமன்றம் அதனை நீக்கியது. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அது முதல் வகுப்பிலிருந்து தொடங்குகின்றது. மூன்று அகவையில் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஆறு அகவையில் பூட்டு வாங்கப் போன கதை அது. தாய்த்தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோர் 1990களிலிருந்து கையூன்றிக் கரணமடித்துக்கொண்டிருக்கின்றனர். அவர்தம் தொண்டுக்குத் தலைவணங்குகின்றோம். ஆனால் நம் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டும் அன்பருள் எத்தனை பேருடைய பெயரப்பிள்ளைகள் தமிழ் முன்பள்ளியில் உள்ளனர்? எழுத்துச் சீர்திருத்தம் பற்றி மூன்று மணி நேரம் வழக்காடுகின்றோம். ஊர் அங்கன்வாடியில் ஆசிரியர் உண்டா என்று எட்டிப் பார்த்ததில்லை.

எனவே நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு அங்கன்வாடியிலும் முன்பருவக் கல்விக்கென்றே ஒரு தனி ஆசிரியர் வேண்டும். அவர்க்குப் பதிவேடும் செயலியும் அடுப்பும் தேர்தல் பணியும் தரப்படலாகாது. இருபதின்மர்க்கு ஒருவர் என்று தில்லி தானே எழுதியதை, அவரை மட்டும் எண்ணிக் கணக்கிட வேண்டும். உதவியாளரைச் சேர்த்து எண்ணுதல் கூடாது. அவ் ஆசிரியர் அவ் ஊர்ப் பேச்சறிந்த பெண்ணாக இருத்தல் நன்று. கடற்கரைக் குப்பத்தில் மீன்பெயரும் காற்றின் பெயரும் தெரியாதவர் பிள்ளையிடம் எதைக் கேட்பார்? ஊதியம் ஊதியமாக இருக்க வேண்டும், மதிப்பூதியம் என்னும் இரவலாக அன்று. அங்கன்வாடிப் பணியாளர்க்குப் பணிக்கொடை உண்டு என்று 2022இல் உச்சமன்றமே தீர்ப்பளித்தபின், அவர்களை இன்னும் தொண்டர் என்று அழைப்பது நாணத்தக்கது. மேலும் நம் கரையில் நடுவம் திறக்கும் நேரத்தைத் தலைநகரத்துக் கடிகாரம் முடிவு செய்யலாகாது. தாய்மார் பாசிக்கும் ஏலத்துக்கும் செல்லும் ஊர்களில் விடியற்காலைக்கு ஒருவர் வேண்டும்.

இதற்கு நாம் சென்னைக்குப் படையெடுக்க வேண்டுவதில்லை. இவ் இதழைப் படிக்கும் ஒவ்வொருவரும் தம் ஊர் நடுவத்துக்கு ஒரு காலை பத்துமணி அளவில் செல்க. பணியாளரைக் குறைகாணச் செல்லற்க. அவர் நம் பக்கத்தவர், சுமை தாங்க மாட்டாத நம் அக்கையோ தங்கையோ. எத்தனை பிள்ளைகள் பெயரளவில், எத்தனை பேர் வந்துள்ளனர், பணியிடம் நிரம்பியுள்ளதா, அக் காலையில் பிள்ளைகளோடு எவ்வளவு நேரம் ஒருவர் பேசினார் என்று எண்ணிக் குறித்துக்கொள்க. கிராம சபை எனப்படும் ஊரவைக் கூட்டம் 2022 முதல் நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறுமுறை கூடுமாறு ஆணையிடப்பட்டது. நவம்பர் முதல் நாளும் அவற்றுள் ஒன்று. தமிழ்நாடு பிறந்த நாளும் அதுவே. அன்று கொடியேற்றிவிட்டு வீடு திரும்பாது, குறித்த கணக்கோடு ஊரவைக்குச் சென்று, தனி ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் எழுதக் கேளுங்கள். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் வாழ்வோர் தம் பகுதி உறுப்பினர் வழியே செய்க. தீர்மானத்தின் படியையும் எண்ணிய கணக்கையும் ஊர்ப்பெயரோடு நமக்கு விடுப்பின், முகவைக் கரையின் முன்பள்ளிக் கணக்கை வரும் இதழ்களில் ஊர் ஊராக வெளியிடுவோம்.